ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன்?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் கணக்கீட்டில் ஒரு வீட்டுக்கு 400 யூனிட் என்று வருகிறது. அந்த 400 யூனிட்டால் காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? மத்திய மின்சார ஆணையம் 2023-24ஆம் ஆண்டுக்குத் தந்திருக்கும் உமிழ்வுக் காரணி யூனிட்டுக்கு 0.727 கிலோ. பெருக்கினால் 291 கிலோ. கம்பெனிகளின் ஆண்டறிக்கை, கல்லூரிகளின் பசுமைத் தணிக்கை, கைபேசிக் கால்குலேட்டர் எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு பெருக்கலோடு முடிந்துவிடுகின்றன.

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த 0.727 ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: நாடு முழுக்க ஓராண்டில் தொகுப்புக்கு வந்த மின்சாரத்தில், சராசரியாக ஒரு யூனிட்டோடு எவ்வளவு கார்பன் வந்தது? பழைய மின்விசிறியை மாற்றினால் எவ்வளவு குறையும், மாலையில் ஓடும் மோட்டாரை மதியத்துக்கு மாற்றினால் பலன் உண்டா, சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில் தன் மின்சாரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதலாமா என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் வேறு எண் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பிரித்துப் பார்க்காததால், நல்ல நோக்கத்தோடு போடப்படும் கணக்குகளும் தவறான முடிவில் போய் நிற்கின்றன. தமிழ்நாடு போல் காற்றும் வெயிலும் நிலக்கரியும் அணுவும் கலந்து ஓடும் இடத்தில் இந்தத் தவறு பெரிதாகவே இருக்கும்.

அடிப்படையிலிருந்து வருவோம். நிலக்கரி எரிக்கும் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 2,400 கிலோகலோரி வெப்பம் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரிதான். மீதி வெந்நீராகவும் சூடான புகையாகவும் போய்விடுகிறது. 2,400 கிலோகலோரி என்றால் ஏறத்தாழ 10 மெகாஜூல். நிலக்கரியிலிருந்து ஒரு மெகாஜூல் வெப்பம் எடுக்கச் சுமார் 90 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக யூனிட்டுக்கு 900 கிராம். கதை இதோடு முடியவில்லை. நிலக்கரியை அரைக்க, நீரேற்ற, பெரிய விசிறிகளைச் சுற்ற என்று அனல்மின் நிலையம் தன் உற்பத்தியில் 7 சதவீதம் அளவுக்குத் தானே எடுத்துக்கொள்கிறது. அதைக் கழித்தால், வாசல் தாண்டி வெளியே வரும் யூனிட்டுக்கு 970 கிராம்.

டன் கணக்கை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். சாம்பல் எரியாது, அதிலிருந்து வாயு வராது. அதனால் ஒரு டன் உள்நாட்டு நிலக்கரி தரும் கார்பனும் ஒரு டன் இறக்குமதி நிலக்கரி தரும் கார்பனும் ஒன்றாக இருக்காது. வெப்ப அளவில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதில் தனி ரகம். பாதிக்குப் பாதி ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பங்கு செலவாவதால், யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும்.

அனல் நிலையத்துக்கு 970 கிராம் என்றால் நாட்டுச் சராசரி 727 கிராமாக இறங்கியது எப்படி? கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் அணு உலைகள், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள், கமுதியின் சூரிய மின் பூங்கா, நீலகிரியின் நீர்மின் நிலையங்கள், இவற்றைப்போல் நாடெங்கும் எரிபொருள் எரிக்காத நிலையங்கள் தரும் யூனிட்டுகளையும் சேர்த்து வகுப்பதால். மொத்த உமிழ்வை மொத்த உற்பத்தியால் வகுக்கும் இந்த அட்டவணையை மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் வெளியிட்டுவருகிறது. கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய வளர்ச்சிச் செயல்முறையில் இந்தியத் திட்டங்கள் கார்பன் வரவு கேட்டு விண்ணப்பித்த காலம் அது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுக்கொண்டிருந்த நிலையில், எல்லாருக்கும் பொதுவான ஓர் எண் தேவைப்பட்டது. அந்த வேலையை ஆணையம் நன்றாகவே செய்தது. நிலையம் வாரியாகத் தரவு கொடுக்கும் இப்படி ஓர் அட்டவணை வளரும் நாடுகள் பலவற்றில் கிடையாது.

ஆனால் அதே அட்டவணையை ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கவனமாக இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முந்தைய அறிக்கைகளில் 0.82 என்ற எண் எங்கும் இருக்கும். 2022-23, 2023-24இல் 0.72, 0.73. மின்சாரம் அந்த அளவுக்குச் சுத்தமாகிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். வித்தியாசத்தில் ஒரு பெரும்பகுதி கணக்கு முறை மாறியதால் வந்தது. பழைய சராசரியில் காற்றும் சூரியனும் சேரவில்லை, இப்போது சேர்க்கிறார்கள். ஒரே முறையில் கணக்கிட்ட ஆண்டுகளை எடுத்தால் 2022-23இல் 0.716ஆக இருந்தது 2023-24இல் 0.727ஆக ஏறியிருக்கிறது. சூரிய மின் பலகைகள் பெருகிய அதே ஆண்டில்தான். 2023இல் மழை குறைந்து நீர்மின் உற்பத்தி சரிந்தது, தேவையோ வேகமாக வளர்ந்தது. அந்த இடைவெளியை நிலக்கரி நிரப்பியது. இலங்கையில் இந்த ஊசலாட்டம் இன்னும் பெரிது. மத்திய மலைநாட்டில் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மின்சாரம் சுத்தமாகிவிடும். வறட்சி ஆண்டில் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் ஜெனரேட்டர்களும் சுமை தாங்கும். ஓராண்டுக் காரணியை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டைக் கணிப்பது அங்கே வானிலையைக் கணிப்பதற்குச் சமம்.

தமிழ்நாட்டுக்கென்று தனிக் காரணி ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் தென்மண்டலத்துக்குத் தனி எண் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் வழித்தடம் வழியாகத் தெற்குத் தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு இணைந்த பிறகு, நாடு முழுக்க ஒரே அதிர்வெண்ணில் துடிக்கும் ஒரே தொகுப்பு. கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. மத்திய தொகுப்பிலிருந்து வரும் பங்கு, மின் சந்தையில் அன்றன்று வாங்குவது எல்லாம் கலந்துதான் வீட்டுக்கு வருகிறது. கணக்கு எழுத ஒரே எண் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. மாநிலக் கொள்கை வகுக்க மட்டும் அது போதாது. உள்ளே உற்பத்தியானது எவ்வளவு, வெளியிலிருந்து வாங்கியது எந்த நேரத்தில் எங்கிருந்து என்று பிரித்துக் காட்டும் நுகர்வு அடிப்படைக் காரணி ஒன்று மாநிலத்துக்குத் தேவை.

இனி இழப்பு. ஆணையத்தின் எண் நிலையத்தின் வாசலில் எடுத்தது, மீட்டரோ வீட்டுச் சுவரில் இருக்கிறது. நடுவே உயரழுத்தக் கம்பி, துணைமின் நிலையம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் எனப் பல இடங்களில் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. நிலையத்தில் புறப்பட்ட 100 யூனிட்டில் 88 வந்து சேருவதாக எடுத்துக்கொண்டால், வீட்டின் 400 யூனிட்டுக்கு நிலையம் சுமார் 455 யூனிட் அனுப்பியிருக்க வேண்டும். 291 கிலோ இப்போது 330 கிலோ. இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மின்வாரியங்களின் மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு என்று 15, 16 சதவீதம் போல் ஓர் எண் வெளிவருகிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணில் திருட்டும் இருக்கிறது, வசூலாகாத பில்லும் இருக்கிறது. கொக்கி போட்டு எடுத்த மின்சாரம் எங்கோ ஒரு விளக்கை எரித்திருக்கிறது, கம்பியில் கரைந்துபோகவில்லை. அதன் கார்பனைப் பணம் கட்டும் வீட்டின் தலையில் ஏற்றக் கூடாது. கம்பியில் வெப்பமான பங்கை மட்டும் சேர்க்க வேண்டும்.

நிலையத்தின் புகைபோக்கியோடு நிறுத்தாமல் சுரங்கம், கப்பல், பலகை செய்த தொழிற்சாலை, கான்கிரீட் வரை போனால் அது வாழ்நாள் கணக்கு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014இல் தந்த நடுமதிப்புகள் யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, கூரை சூரிய மின்சாரம் 41, நீர்மின்சாரம் 24, அணு 12, தரைக் காற்றாலை 11. இந்தப் பட்டியலில் இந்தியர் ஒருவருக்கு முதலில் உறுத்த வேண்டியது நிலக்கரியின் எண். வாழ்நாள் முழுதும் சேர்த்தும் 820 என்கிறது, நம் நிலையங்களில் எரிப்பது மட்டுமே 970 ஆகிறது. உலகின் திறன்மிக்க நிலையங்களைக் கொண்டு போட்ட எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் உள்ளூர் நிலக்கரி இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். சூரிய மின்சாரம் பூஜ்யம் இல்லை என்று வாதிடுபவர்களுக்கும் அதே பட்டியலில் பதில் இருக்கிறது: பூஜ்யம் இல்லைதான், ஆனால் நிலக்கரியில் இருபதில் ஒரு பங்கு.

கட்டுரையின் மையக் கேள்வி இனிமேல்தான். ஒருவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் எது நிற்கிறது? எல்லா நிலையங்களும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொள்வதில்லை. காற்றாலை ஓடிக்கொண்டே இருக்கும், சூரிய பலகையும் அப்படியே, அணு உலை அசையாது. சுமை ஏறி இறங்குவதற்கேற்ப ஏறி இறங்குவது பெரும்பாலும் நிலக்கரி, கொஞ்சம் நீர்மின்சாரம். கடைசியாக ஏறும் அந்த நிலையத்தின் உமிழ்வைத்தான் விளிம்பு உமிழ்வு என்கிறார்கள்.

படுக்கையறை மின்விசிறியை எடுத்துக்கொள்ளலாம். பழைய வகை 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை 30 வாட். மிச்சம் 45 வாட். இரவு பத்து மணி நேரம் ஓடினால் 0.45 யூனிட். ஆண்டுக்கு 300 இரவு என்றால் 135 யூனிட். நாட்டுச் சராசரியால் பெருக்கினால் 98 கிலோ. ஆனால் இரவில் சூரியன் இல்லை. அந்த 135 யூனிட்டும் நிலக்கரியின் விளிம்பிலிருந்து குறைகிறது என்று கொண்டால் 131 கிலோ. ஒரே விசிறி, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலன். சராசரி எண்ணை வைத்துக்கொண்டு சேமிப்புத் திட்டங்களை எடைபோடுகிறவர் இரவுச் சேமிப்பைக் குறைத்தும் உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரச் சேமிப்பைக் கூட்டியும் மதிப்பிடுகிறார்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டனில் ஆடம் ஹாக்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2002 முதல் 2009 வரையிலான தரவுகளின்படி அந்நாட்டு விளிம்பு உமிழ்வு யூனிட்டுக்கு 0.69 கிலோ, சராசரியோ 0.51தான் என்று காட்டினார். அமெரிக்காவில் 2012இல் சைலர்-ஈவன்ஸும் சக ஆய்வாளர்களும் இடத்துக்கு இடம், மணிக்கு மணி இது மாறுவதை விரிவாகக் காட்டினர். தூய வளர்ச்சிச் செயல்முறையும் இதை ஒப்புக்கொண்டது. நம் ஆணையத்தின் அதே அட்டவணையில் சராசரிக்குப் பக்கத்தில் இயக்க விளிம்பு, கட்டுமான விளிம்பு, இரண்டும் சேர்ந்த கூட்டு விளிம்பு என்று தனி எண்கள் இருக்கின்றன. ஏற்கனவே ஓடும் நிலையங்களைப் பார்க்கும் இயக்க விளிம்பு 0.9ஐத் தாண்டும். கட்டுமான விளிம்பு அண்மையில் கட்டப்பட்ட நிலையங்களைப் பார்க்கிறது. நீண்டகாலச் சேமிப்பு ஒன்று புதிய நிலையம் கட்டுவதையே தள்ளிப்போடக்கூடும் என்பதால் அதையும் சேர்க்கிறார்கள். இவ்வளவும் அட்டவணையில் இருந்தும், சேமிப்பு அறிக்கை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்துச் சராசரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

விளிம்பு எப்போதும் நிலக்கரிதான் என்றும் சொல்லிவிட முடியாது. மே முதல் செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் காற்றாலை சீசன். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கும் மாநிலம் இது. ஆடிக் காற்று வீசும் நாட்களில், தேவை குறைந்த நேரத்தில், தொகுப்பு தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது காற்றாலை உரிமையாளர்களின் நெடுநாள் குறை. நிலக்கரி நிலையத்தையும் அதன் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம் என்பதால் இந்த நெருக்கடி. அந்த நேரத்தில் ஒருவர் கூடுதலாக ஒரு யூனிட் எடுத்தால் நிறுத்தி வைத்த காற்றாலைதான் மறுபடி சுற்றும். கார்பன் கிட்டத்தட்ட பூஜ்யம். அதே யூனிட்டைப் பிப்ரவரி மாலை ஏழு மணிக்கு எடுத்தால் ஒரு கிலோ. இந்த இரண்டையும் ஒரே 0.727இல் அடைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிரிட்டனின் தேசிய மின்தொகுப்பு 2017 முதல் அரை மணிக்கு ஒருமுறை கார்பன் அடர்த்தியை முன்கணித்து வெளியிடுகிறது. நம்மிடம் தரவு இல்லாமல் இல்லை. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பிளாக்குகளாகப் பிரித்துத்தான் நம் சுமை பகிர்வு மையங்கள் உற்பத்தியைத் திட்டமிடுகின்றன. ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த நிலையம் எவ்வளவு தந்தது என்பது அங்கே பதிவாகிறது. அதைக் கார்பனாக மாற்றி மக்கள் முன் வைப்பதுதான் மிச்சம்.

அடுத்து ஒப்பந்தக் கணக்கு. பசுமைக்குடில் வாயுக் கணக்குக்கான உலகளாவிய நெறிமுறை 2015இல் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. அதன்படி ஒரு நிறுவனம் இரண்டு எண் தர வேண்டும்: இருக்கும் இடத்துத் தொகுப்பின் சராசரிப்படி ஒன்று, எந்த மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, எந்தச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது என்பதன்படி இன்னொன்று. இரண்டாவது முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நார்வே சாட்சி. அந்நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருகிறது, அசல் உமிழ்வு யூனிட்டுக்குச் சில பத்து கிராம்கூடத் தேறாது. ஆனால் நீர்மின்சாரத்தின் சான்றிதழ்களை ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு விற்றுவிட்டதால், சான்றிதழ் வாங்காத நார்வேக்காரரின் கணக்கில் அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்கு 400 முதல் 600 கிராம் வரை ஏறியது. விற்றதை மறுபடி உரிமை கொண்டாட முடியாதல்லவா, அந்த மட்டில் கணக்கு நேர்மையானது. காற்றில் கலந்த கார்பனுக்கும் அந்த எண்ணுக்கும்தான் தொடர்பில்லை.

நம் ஊரில் இதே சிக்கலுக்குத் திருப்பூர், கோவை முகம். பனியன் ஏற்றுமதியாளர்களும் நூற்பாலைகளும் பல்லடம், உடுமலைப் பக்கமும் தென்கோடியிலும் சொந்தமாகவோ கூட்டாகவோ காற்றாலை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய பையர்கள் இப்போது துணியோடு கார்பன் கணக்கும் கேட்கிறார்கள். இங்கே பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களை நிலைத்தன்மை அறிக்கை தரச் சொல்லியிருக்கிறது. காற்றாலை யூனிட்டைத் தன் நுகர்வில் கழித்துப் பூஜ்யம் என்று எழுதுவது எளிது. ஆடியில் சுற்றிய யூனிட்டை பேங்கிங் முறையில் இருப்பு வைத்துப் பின்னால் கழித்துக்கொள்ளும் வசதியும் வந்தது. பணக்கணக்குக்கு அது சரி. கார்பன் கணக்கில் ஆடியில் மிச்சமான கார்பன் ஆடியிலேயே முடிந்தது. மாசியில் தறி ஓடியது அன்றைய நிலக்கரியில்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. மில் தன் காற்றாலையைத் தனக்கென்று எழுதிக்கொள்கிறது. தொகுப்புக்குள் வரும் காற்று மின்சாரம் ஆணையத்தின் தேசியச் சராசரியிலும் சேருகிறது. அந்தச் சராசரியைப் பயன்படுத்தும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே காற்றின் பங்கு போகிறது. ஒரே யூனிட்டை இரண்டு பேர் கழிக்கிறார்கள். உரிமை கோரப்பட்ட யூனிட்டுகளை நீக்கிவிட்டு மிச்சத்துக்கு ஒரு காரணி வெளியிட்டால் இது சரியாகும். ஐரோப்பாவில் அப்படிச் செய்கிறார்கள். மில்காரர் காசு போட்டு காற்றாலை நட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் காற்றுமின்சாரம் இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு அவர்கள் பெரிய காரணம். அந்த உழைப்புக்குரிய மதிப்பை நேர்மையான கணக்குதான் காப்பாற்றும், ஏனென்றால் மணிக்கு மணி பொருத்திக் காட்டு என்ற கேள்வி உலக நெறிமுறையிலேயே எழுந்துவிட்டது. மணிக்கணக்கில் பொருந்தும் மின்சாரத்தை 2030க்குள் வாங்குவோம் என்று கூகுள் 2020இலேயே அறிவித்தது.

மீட்டரே இல்லாத மின்சாரத்தை என்ன செய்வது? தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் நுகர்வு மாதிரி மீட்டர்களையும் குதிரைத்திறனையும் வைத்துப் போடும் மதிப்பீடுதான். இந்த மதிப்பீடு கூடினால் கம்பி இழப்பு குறைந்ததாகத் தெரியும், குறைந்தால் இழப்பு கூடியதாகத் தெரியும். அப்படியானால் மேலே நாம் போட்ட 88க்கு 100 என்ற கணக்கும் பம்புசெட்டின் மதிப்பீட்டில்தான் நிற்கிறது. விவசாயிக்குப் பில் போடவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இலவசம் இலவசமாகவே இருக்கட்டும். டிரான்ஸ்பார்மரில் ஓர் அளவி வைத்தால் விவசாயிக்குச் செலவில்லாமலே உண்மை தெரியும்.

டீசல் ஜெனரேட்டரும் இப்படித்தான் கணக்குக்கு வெளியே நிற்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட். யூனிட்டுக்கு 0.8 முதல் 0.9 கிலோ. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன மாதங்களில், தெருவுக்குத் தெரு ஓடிய ஜெனரேட்டர்களின் புகை எந்தத் தொகுப்புக் காரணியிலும் இல்லை. மின்வெட்டு நீண்ட ஆண்டில் தொகுப்பின் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நுகர்வு குறைந்து உமிழ்வும் குறைந்ததுபோல் தெரியும்.

சேமித்து வைத்த மின்சாரம் இந்தக் கணக்கையெல்லாம் இன்னொரு முறை கலைக்கப்போகிறது. நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டம் 500 மெகாவாட். கீழே அவலாஞ்சி-எமரால்டு அணையிலிருந்து மேலே போர்த்திமந்து அணைக்கு நீரை ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது திட்டம். நீரேற்றும் நிலையங்களில் 100 யூனிட் செலவழித்தால் 75 முதல் 80 யூனிட் திரும்பும். உச்சி வெயிலில், வேறு வழியில்லாமல் நிறுத்தப்படவிருந்த சூரிய மின்சாரத்தில் ஏற்றினால் மாலையில் வரும் யூனிட்டுக்குக் கார்பன் ஏறத்தாழ இல்லை. நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தில் ஏற்றினால், இழப்பும் சேர்ந்து யூனிட்டுக்கு 1.2 கிலோவுக்கு மேல். அணை அதே, நீர் அதே, சுழலி அதே. ஆண்டுச் சராசரி இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தரும். எந்தப் பிளாக்கில் எத்தனை யூனிட் செலவழித்து நீர் மேலே ஏறியது, அப்போது தொகுப்பில் எது கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது என்ற பதிவு வெளியிடப்பட்டால்தான் குந்தாவின் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலா, ஒன்றேகால் கிலோவுக்குப் பக்கத்திலா என்பதைச் சொல்ல முடியும்.